பருந்துகளுக்கு இட்டது

என் அப்பாவுக்கு வருடம் முழுவதும் தீபாவளிதான். விடிந்ததும் விடியாததுமாகக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு பை நிறையப் பட்டாசுடன் கிளம்பிவிடுவார். செகந்திராபாத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன விமான நிலையம் இருந்தது. அங்கே அவருக்குப் பறவை விரட்டும் வேலை. ஒவ்வொரு விமானமும் ஏறும் முன்பும் இறங்கும் முன்பும் ஜீப்பில் ஓடுபாதை ஓரமாகப் போய், வெடி போட்டு, ஊதல் ஊதி, பருந்தையும் புறாவையும் கொக்கையும் கலைத்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவரவர் அப்பாவின் வேலையைச் சொல்லச் சொன்னபோது நான் பெருமையாக எழுந்து நின்று இதைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. "தேரே டாடி ஸ்கேர்க்ரோ ஹை க்யா?" என்று, உன் அப்பா சோளக்கொல்லைப் பொம்மையா என்று, பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். அன்றிலிருந்து வெளியாட்களிடம் அப்பாவை ஆபீசராக்கிவிட்டேன்.

அவர் தன் வேலையை ஆபீசரைவிடப் பெரியதாகத்தான் நினைத்திருந்தார். விமானம் ஏன் விழுகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார். எஞ்சினில் கோளாறு, எண்ணெயில் தண்ணீர், மூடுபனி, ஓட்டுகிறவரின் அவசரம் என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்து, பருந்தில் கொண்டுவந்து நிறுத்துவார். வானத்தில் பருந்து என்று ஒன்று கிடையாது, எதிரே வருகிற கல்தான் உண்டு என்பார். வார விடுமுறையிலும் கறிக்கடைகளுக்குப் போய் நிற்பார். "பாய், ஹட்டி பாஹர் நக்கோ டாலோ" என்று கெஞ்சுவார். எலும்பை வெளியே போடாதீர்கள் என்பதுதான் அவருடைய ஓயாத பாட்டு. எங்கள் வீட்டிலும் முட்டை ஓட்டைக்கூடக் காகிதத்தில் பொதிந்துதான் குப்பையில் போட வேண்டும். மொட்டைமாடியில் ஒரு பருக்கை சோறு கிடந்தாலும் அம்மாவுக்கும் எனக்கும் திட்டு விழும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண்ணெல்லாம் மஞ்சளாக, கை வற்றிப்போய், அம்மா என்னை அடையாளம் தெரியாதவள் மாதிரி பார்த்தாள். டாக்டர் அப்பாவைத் தனியாக அழைத்துப் போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்த அப்பா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் அப்படித் தடவுகிற மனிதர் இல்லை என்பதால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்த நாட்களில் எனக்குச் சோறு போட்டவர் பக்கத்து வீட்டுக் காலா. காலா என்றால் அவர்கள் பேச்சில் சித்தி. ஒரு நாள் அவர் தன் மகன் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்து பிழைத்த கதையைச் சொன்னார். கறித்துண்டை நோயாளியின் தலையை மூன்று தடவை சுற்றி, மூசி ஆற்றுப் பாலத்தில் நின்று பருந்துகளுக்கு வீசினாராம். அதற்கு சத்கா என்று பெயர். ஓர் உயிருக்கு வந்த ஆபத்தை இன்னோர் உயிர் வாங்கிக்கொண்டு போய்விடும் என்றார். என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை, பாவம். சொன்ன கதையை நான் இப்படிப் பிடித்துக்கொள்வேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாளிலிருந்து காலாவிடம், எங்கள் வீட்டுக்கு ஒரு பூனை வருகிறது என்று சொல்லி, கறி கழுவும்போது ஒதுக்கும் கொழுப்பையும் ஜவ்வையும் வாங்கிக்கொண்டேன். என் மதிய உணவு டப்பாவில் அதைப் போட்டு மூடுவேன். ஆஸ்பத்திரிக்குக் கறியோடு போக முடியாது. ஆகையால் வீட்டில் அம்மாவின் தலையணையை டப்பாவால் மூன்று முறை சுற்றுவேன். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். எதற்கும் இருக்கட்டும் என்று சுற்றும்போது பரமண்டல ஜெபத்தையும் சொல்லிவைத்தேன். பிறகு மொட்டைமாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவரின் மேல் கொட்டுவேன். அப்பா வருவதற்குள் சுவரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவேன். மூசி ஆறு தூரத்தில் இருந்தது. பருந்துகள் பக்கத்திலேயே இருந்தன, அப்பா விரட்டிவிட்டவை.

முதல் நாள் ஒரு பருந்து வந்தது. நான்காம் நாள் ஆறு. ஐந்தாம் நாள் அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். இதற்கு மேல் எனக்கு என்ன நிரூபணம் வேண்டும்?

மாடியில் ஓர் அறையும் இருந்தது. அதில் ஓர் அக்கா வாடகைக்கு இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், இருபது வயது, விமானம் ஓட்டப் பயிற்சிக்கு வந்தவள். நான் ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் ஒரு நாள் சீக்கிரம் திரும்பி வந்து என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"ஏட்டி, என்னட்டி செய்யுத?"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மாறியது. பருந்து மோதினால் என்ன ஆகும் என்று எனக்கு அப்பா சொல்லித்தான் தெரியும். அவளோ அந்த வானத்துக்குள் தினமும் போய் வருகிறவள். டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஏழாவது படிக்கையில எங்க அம்மை போயிட்டா. நான் ஒண்ணும் செய்யல, பாத்துக்கிட்டே நின்னேன்" என்றாள். என் கண்ணைத் துடைத்துவிட்டு, "சரிட்டி, அழாத. அம்மா வீட்டுக்கு வாரது வரைக்கும்தான், கேட்டியா? அப்புறம் ஒரு துண்டு போடக் கூடாது. அப்பாட்ட நான் சொல்ல மாட்டேன்."

"ஹவ்" என்றேன். அன்று அவள் சிரிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அம்மாவை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. காலாதான் அழைத்துவர ஆட்டோவில் போனார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு படியிறங்கிய அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "இன்னையோட முடிஞ்சுது, என்ன?" என்றாள். அன்று அவள் தனியாக ஓட்டப் போகிறாள்.

கடைசி நாள், அதுவும் நன்றி சொல்கிற நாள் என்று டப்பா நிறைய வாங்கி வைத்திருந்தேன். மாடிச் சுவரில் கொட்டியதும் நாலா பக்கத்திலிருந்தும் பருந்துகள் இறங்கின. சில, துண்டைக் கவ்விக்கொண்டு விமான நிலையப் பக்கமாக எழும்பின. அப்போதுதான் அந்தச் சின்ன வெள்ளை விமானம் இறங்குவதற்காகப் புளியமரங்களுக்கு மேலே திரும்பியது. பருந்தும் விமானமும் என் கண்ணுக்கு ஒரே இடத்தில் இருந்தன. ஓர் இறக்கை சாய்ந்தது. மூக்கு கீழே போயிற்று. மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. வண்டியிலிருந்து காஸ் சிலிண்டரைக் கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

டப்பாவை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். வாசலில் ஆட்டோ நின்றது. காலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா இறங்கிக்கொண்டிருந்தாள். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று. "அது இன்னாடி சத்தம்?" என்று கேட்டபடியே அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். மூன்று வாரம் நான் ஏங்கிய அணைப்பு. அதில் என்னால் நிற்க முடியவில்லை.

அப்பா சாயங்காலம் வந்தார். அக்காவை வெளியே எடுத்தவர்களில் அவரும் ஒருவர் என்று பிறகு தெரிந்தது. காக்கியின் முழங்கால்களில் மண்ணாக இருந்தது. அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அக்காவின் ஊர் விலாசத்தை எடுக்க மாடிக்குப் போனார். நான் படியில் நின்றேன். தண்ணீர்த் தொட்டியின் மேல் வரிசையாகப் பருந்துகள் உட்கார்ந்திருந்தன. சுவரெல்லாம் ரத்தக் கறை, ஜவ்வு, எச்சம். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இன்று அடி நிச்சயம் என்று நினைத்தேன். அவர் வாளியையும் துடைப்பத்தையும் எடுத்தார்.

"கீழ போ கண்ணு. அம்மாகிட்ட இரு" என்றார். இருட்டும் வரை மாடியைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. பருந்துகளே எங்கிருந்தோ கொண்டுவந்து தின்றவை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அக்காவின் அப்பா ஊரிலிருந்து வந்தார். மாடியறையிலிருந்து அவளுடைய பெட்டியை அப்பாதான் தோளில் சுமந்து இறக்கினார். அந்த மனிதர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எம்பிள்ளைய நல்லாப் பாத்துக்கிட்டீய" என்றார். அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை.

பிறகு விசாரணை என்றார்கள். அப்பா ஒரு நாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய்வந்தார். அதற்கடுத்த மாதம் அவருக்கு அந்த வேலை இல்லை. பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் உதவியாளராகச் சேர்ந்து, கடைசி வரை பஸ்ஸில் போய்வந்தார். விமானச் சத்தம் கேட்டால் ஊரே அண்ணாந்து பார்க்கும். அவர் தரையைப் பார்ப்பார்.

அம்மா தேறினாள், ஆனால் அவளும் மாறிப்போனாள். அப்பாவுக்குத் தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். அவரோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். வீட்டில் கறி சமைப்பது நின்றது. கிறிஸ்துமஸ் அன்றுகூட எங்கள் வீட்டில் சாம்பார்தான். சொந்தக்காரர்கள் கேலி செய்து செய்து அலுத்துப்போனார்கள். நோயின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு என் கணக்கே பெரிதாக இருந்தது. ஒரு உயிர் போய் ஒரு உயிர் வந்தது. கொடுத்தவள் நான். அம்மா சிரித்தால் எனக்கு அக்காவின் சிரிப்பு கேட்கும். அவள் மடியில் தலை வைத்துப் படுப்பதை அந்த வருடத்தோடு விட்டுவிட்டேன். அம்மா பிழைத்ததற்காக நான் ஒரு நாள்கூட முழுசாகச் சந்தோஷப்படவில்லை. இதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. இப்போது நான் கணினி வேலையில் இருக்கிறேன். விமான விபத்துகளின் விசாரணை அறிக்கைகளை இணையத்தில் போட்டுவைக்கிறார்கள் என்று போன மாதம் ஒரு பகல் வேளையில் தற்செயலாகத் தெரிந்தது. தேடினேன். எங்கள் அறிக்கையும் இருந்தது. இறங்குவதற்காகத் தாழ்வாகத் திரும்பும்போது வேகம் குறைந்துபோய், இறக்கைகள் தாங்க முடியாமல் விமானம் விழுந்திருக்கிறது. அனுபவம் குறைந்தவர்கள் அந்த இடத்தில் செய்கிற பிழை என்று எழுதியிருந்தார்கள். தரையில் மோதும் வரை எஞ்சின் ஓடியிருக்கிறது. விசிறியிலோ கண்ணாடியிலோ இறக்கைகளிலோ ஒரு இறகும் இல்லை, பறவையின் ரத்தமும் இல்லை. பறவை காரணமல்ல.

ஒரே இருக்கையில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். கடைசிப் பக்கத்தில் பறவை விரட்டும் பணியாளரின் வாக்குமூலம் என்று நான்கு வரி இருந்தது. மனைவியின் நோய் தீர வேண்டி, தன் வீட்டு மாடியில் பருந்துகளுக்குத் தினமும் இறைச்சி வைத்தது தானே என்றும், வீட்டில் வேறு எவருக்கும் இது தெரியாது என்றும் அவர் சொல்லியிருந்தார்.

அன்று நேராக மல்காஜ்கிரியில் அம்மா இருக்கும் வீட்டுக்குப் போனேன். பறவை மோதவில்லையாம் என்பதை மட்டும் முதலில் சொன்னேன். அவள் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள்.

"இத உங்கப்பாகிட்ட யாராவது சொன்னாங்களா?"

அறிக்கை வெளிவரும்போது அவர் பாலாநகர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். வேலையிலிருந்து விலக்கிய ஆளுக்கு அதை யார் அனுப்பியிருப்பார்கள்? எனக்குத் தெரியாதும்மா என்றேன்.

"நான்தான் கறி போட்டேன்னு என்கிட்டயே சொன்னாரு. எனக்காக அந்தப் பொண்ணைக் கொன்னுட்டீங்களேன்னு கேட்டேன். வாயே தொறக்கல" என்றாள்.

"அப்பா போடலம்மா. நான் போட்டேன்."

அம்மா என்னையே பார்த்தாள். அப்புறம் உடைந்துபோய் அழுதாள். "இத்தினி வருஷம் அவர் கூட ஒக்காந்து ஒரு வாய் சாப்பிடலயேடி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டேன்.

விமானம் விழுந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் எனக்கு டப்பாவின் நினைவு வந்தது. மூடியில் என் பெயரை அம்மா நெயில் பாலிஷால் எழுதியிருந்தாள். மாடிக்கு ஓடினேன், இல்லை. அடுக்களையில் பார்த்தால் டப்பா சோப்புப் போட்டுத் துலக்கி, தட்டுகளோடு தட்டாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பயத்தில் நானே எடுத்துவந்து மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். திங்கட்கிழமை அப்பா அதே டப்பாவில் எனக்குத் தயிர்சாதம் கட்டி, மூடியை அழுத்திக் கொடுத்தார். அவர் எதையும் கவனிக்கவில்லை என்ற நிம்மதியில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.