உவரான கிணறு

எங்கே போனாலும் ஒரு வருடத்துக்கு மேல் தங்காதவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கடைசியாகப் புத்தளத்தில் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு, கூலியில் வாங்கிய பழைய தண்ணீர் மோட்டரோடு ஆரையம்பதியில் அக்கா வீட்டுக்கு வந்தேன்.

அக்காவின் வீட்டைச் சுற்றிய வளவு ஒரு சின்னக் காடு. மேலே தென்னையும் பலாவும், அவற்றின் நிழலில் தோடை என்கிற ஆரஞ்சும் கொய்யாவும், இன்னும் கீழே வாழை, மரவள்ளி, வல்லாரை. எல்லாவற்றுக்கும் அவள் கிணற்றிலிருந்து வாளியால்தான் ஊற்றினாள். மிச்சத்தை, ஈரம் காத்த சருகு பார்த்துக்கொண்டது. எனக்கு அது போதவில்லை. நாற்பது வாழைக்குட்டியும் பப்பாசியும் கொண்டுவந்து இடைவெளி எல்லாம் நட்டேன். மழையில்லாமல் கச்சான் காற்று வீசும் மாதங்களில், காலையில் கிணற்றில் மோட்டரைப் போட்டுவிட்டுச் சந்திக்குப் போய் மத்தியானம் திரும்பினேன்.

இந்த மணலில் நல்ல தண்ணீர் கொஞ்ச ஆழத்துக்குத்தான். அதை வேகமாக இழுத்தால் அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் மேலே ஏறிவிடும். புத்தளத்தில் அப்படிக் கெட்டுப்போன கிணற்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெரிந்தேதான் செய்தேன்.

ஒருநாள் அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். “தேத்தண்ணிக்க உப்பையாடா போட்ட?”

“முகத்துவாரத்தால கடல் தண்ணி ஏறி இரிக்காம். சந்தியில கதைக்கிறாங்க” என்றேன். யாரும் கதைக்கவில்லை.

அந்தக் கிணறு எங்களுக்கும் பக்கத்து வீட்டு மாமிக்கும் பொது. மாமிக்கு முழங்கால் வருத்தம். அன்றிலிருந்து தெருமுனைக் குழாய்க்குக் குடத்தோடு போய்வந்தாள். போகும்போதும் வரும்போதும் கடலைத் திட்டினாள். வாழை இலைகளின் ஓரம் தீய்ந்தது. பப்பாசி சாய்ந்தது. முதல் காய் பிடித்திருந்த தோடை இலை உதிர்த்தது.

மூன்றாவது வாரம், மாமி வேலி இடைவெளியால் வந்து ஒரு குடம் தண்ணீரைத் தோடையின் அடியில் ஊற்றினாள். “கொக்காட மரம் பாவம் மனே. காயோட நிக்குது” என்றாள். மூச்சு வாங்கியது.

என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. “கடல் இல்ல மாமி. என்ட மோட்டர்தான். எனக்குத் தெரியும்” என்றேன்.

மாமி வெறும் குடத்தை இடுப்பில் வைத்தாள். “இவ்வளவு நாளும் வாயிக்க கொழுக்கட்டையா வச்சிருந்த?”

அக்கா அடுப்படி வாசலில் நின்றாள். என்னைப் பார்க்காமல், “மழை வருமட்டும் ரெண்டு வீட்டுக்கும் நீதான் தண்ணி தூக்கணும். மறுகா எங்கயும் போ” என்றாள்.

பதினொரு நாள் தூக்கினேன். முதல் குடம் மாமிக்கு, கடைசிக் குடம் தோடைக்கு. மாமி குடத்தை வாங்குவாள், கதைக்கமாட்டாள். வைதிருந்தால் நின்றிருப்பேனோ என்னவோ. பன்னிரண்டாம் நாள் விடிய, அவர்கள் எழும்புமுன் பொலன்னறுவைக்குப் பஸ் ஏறினேன்.

மாரி மழை தொடங்கி ஒரு மாதத்துக்குப் பிறகுதான் அக்காவுக்குப் போன் எடுக்கத் துணிந்தேன். கிணறு தெளிந்துவிட்டது, தோடை பட்டுப்போனது, வெட்டிவிட்டேன் என்றாள்.

“மாமி?”

“அவ இன்னும் குழாயிலதான் அள்ளுறா. நல்ல தண்ணிதான் மாமி எண்டு குடிச்சும் காட்டினன். நம்புறா இல்ல.”

நான் சொன்னால் நம்புவாளா என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை.