பதினேழாம் இலக்கம்

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து வேலைத்தல ஆட்களோடு வந்திருக்கிறேன். மூடிக் கிடந்த பழைய சுரங்கத்துக்குள் இப்போது மலைச் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. உள்ளே போகுமுன் எல்லோரும் அவரவர் ஹெல்மெற்றின் இலக்கம் போட்ட தகட்டை வாசல் பலகையில் மாட்டினோம்.

இருட்டில் இரண்டு தரம் விழுந்தபின், யாருக்கும் சொல்லாமல் வெளியே வந்து கோப்பி குடிக்கிறேன். திடீரென்று விசில் கேட்கிறது. வழிகாட்டி, இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை, இன்னும் மூன்று பேரோடு அவசரமாக ஹெல்மெற்றில் விளக்கைப் பூட்டுகிறாள்.

"என்ன பிள்ளை?"

"ஒராள் இன்னும் வெளிய வரேல்லை, அங்கிள். தேடப் போறம்."

உள்ளே ஓரிடத்தில் ஆழமாகத் தண்ணீர் நின்றதைக் கண்டிருந்தேன். கோப்பியை வைத்துவிட்டு எழும்புகிறேன்.

"நானும் வாறன்."

ஹெல்மெற்றை மாட்டிக்கொண்டு முன்னால் போகிறேன். பின்னாலிருந்து அவள் கூப்பிடுகிறாள்.

"அங்கிள், நில்லுங்கோ! உங்கட ஹெல்மெற்றில பதினேழு எண்டு கிடக்கு. வெளிய வந்தா தகட்டைக் கழட்டோணும் எண்டு சொன்னனான் எல்லோ?"

அதை அப்போது இங்கிலீசில் சொன்னாள். நான் தலையாட்டியிருந்தேன்.

"உங்களைத் தேட நீங்களே வாறியளோ?"

பலகையில் ஒரேயொரு தகடு தொங்குகிறது: பதினேழு. கழற்றுகிறேன். எனக்காகப் பூட்டிய நாலு விளக்குகளும் ஒவ்வொன்றாக அணைகின்றன.

வெட்கத்தில் மூன்று வாரம் பொறுத்து எழுதியது: ஒக்டோபர் 19, ஞாயிறு.