பகல் சங்கும் என் ஸ்பிண்டிலும்

வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், கோயில் விறகு அடுக்குகிற தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டில் அதற்குள் நான், கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் செதுக்கும் சி.என்.சி. மிஷின் கட்டினேன். என் தொழில் வீட்டு வயரிங். மிஷின் பைத்தியம் தனி.

கத்தியைச் சுழற்றுகிற ஸ்பிண்டில் மோட்டாருக்கு மூன்று பேஸ் கரண்ட் வேண்டும். லயத்தில் இருந்ததோ ஒரு பேஸ், மழை வந்தால் அதுவும் சந்தேகம். ஒன்றை மூன்றாக்கி, மோட்டாரின் வேகத்தையும் கூட்டிக் குறைக்க டிரைவ் என்றொரு பெட்டி உண்டு. கொழும்பில் கிடைத்ததிலேயே மலிவானதை வாங்கினேன். கூட வந்த புத்தகம் சீன மொழியில் இருந்தது. படம் பார்த்தே அதை முடித்தேன்.

முதல் வேலையாகக் கோயிலுக்கு அம்மன் பெயர்ப்பலகை செய்து தருவதாக வாய் விட்டிருந்தேன். கோயில் தலைவர்தான், என் மனைவி கொழுந்து பறிக்கிற மலைக்குக் கங்காணி.

"தேர்த் திருவிழாவுக்குள்ள பலகை வரணும். இல்லன்னா ஹட்டன்ல குடுத்துருவோம். நீங்க மிஷின தூக்கிக்கிட்டுக் கொட்டகைய காலி பண்ணிருங்க" என்றார்.

வேறு இடம் எனக்கு ஏது? லய அறையில் நாங்கள் கால் நீட்டவே முறை வைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த மலிவுப் பெட்டிக்கு ஒரு குணம். சட்டென்று வேகம் கேட்டால் சிவப்பு எழுத்தைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். அதனால் மெல்ல மெல்ல ஏறும்படி வைத்தேன். ஒரு முற்பகலில் பட்டனை அழுத்தினேன். அடித்தொண்டையில் தொடங்கிய சத்தம் ஏறி ஏறி உச்சத்தில் நின்றது. தகரக் கூரை அதை இரண்டு மடங்காக்கியது. எனக்குப் புல்லரித்தது. பெருமையோடு வெளியே வந்தால், எதிர்மலையிலிருந்து பெண்கள் கூடையோடு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் என் மனைவி.

தேயிலைத் தொழிற்சாலையில் சங்கு என்று நாங்கள் சொல்கிற சைரனும் மோட்டார்தான். அதுவும் அப்படியேதான் ஏறும். பகல் சங்கு கேட்டால் பறித்த கொழுந்தை மடுவத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவது வழக்கம். பின்னாலேயே கங்காணி மூச்சிரைக்க வந்தார்.

"யாருங்க சங்கு ஊதினது?"

"மிஷினுங்க" என்றேன்.

"என்னங்க, கூடையில பாதிகூட நெறையல" என்றாள் மனைவி. சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

சங்கு மாதிரி ஏறுகிற சத்தத்தைச் சுருக்க, சட்டென்று வேகம் ஏற்றிப் பார்த்தேன். லயம் முழுக்க பல்பு மங்கியது, பெட்டி படுத்தது. கடைசியில் கங்காணி ஒரு தீர்ப்புச் சொன்னார். பகல் சங்கு ஊதும்போது மட்டும் மிஷினைப் போட வேண்டும். நிறுத்திப் போட்டால் மறுபடி சங்குச் சத்தம் வரும் என்பதால், சாயங்காலச் சங்கு வரை நிறுத்தக் கூடாது. இன்னொரு முறை நேரத்துக்கு முன் கூடை இறங்கினால் கொட்டகை இல்லை.

வேலை நன்றாக நடந்தது. பொறுமை எனக்குக் கொஞ்சம் குறைவு என்பதால், தினமும் கடிகாரத்தைப் பார்த்துச் சங்குக்கு ஒரு நொடி முந்தியே பட்டனை அழுத்திவிடுவேன். நான் அழுத்தவும் சங்கு சேர்ந்துகொள்ளவும் அவ்வளவு பொருத்தமாக இருக்கும்.

தேருக்கு முதல் நாள். பலகையில் கடைசி எழுத்து மட்டும் பாக்கி. இந்த நேரத்தில் வம்பு வேண்டாம் என்று, சங்கு கேட்ட பிறகே அழுத்துவதாக முடிவு செய்து காத்திருந்தேன். சங்கு ஊதவில்லை. பனி வந்து போனது. பக்கத்து வீட்டுச் சோறு வெந்து இறங்கியது. அப்போதும் ஊதவில்லை. இன்று பலகை முடியாது, கொட்டகை போயிற்று என்று வாசலுக்கும் மிஷினுக்குமாக நடந்தேன்.

கங்காணி தொழிற்சாலைப் பக்கமிருந்து ஓடி வந்தார். சங்கு ஊதுகிற வாட்ச்சரைப் பிடித்து உலுக்கிவிட்டு வந்திருக்கிறார். அந்த மனிதர் கடிகாரம் பார்ப்பதை விட்டு ஒரு வாரமாம். என் மிஷின் சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்தி வந்திருக்கிறார். இன்று அது கேட்கவில்லை என்று பீடியோடு உட்கார்ந்திருந்தாராம், அது கேட்டால்தான் ஊதுவாராம்.

மலையில் பெண்கள் பசியோடு பறித்துக்கொண்டேயிருந்தார்கள். என் மனைவியின் குரல் தனியாகக் கேட்டது. அன்று அதில் சந்தோஷம் இல்லை.

கங்காணி மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மிஷின போடுங்க" என்றார்.

போட்டேன். சத்தம் ஏறியது, தொழிற்சாலைச் சங்கும் சேர்ந்துகொண்டது, கூடைகள் இறங்கின. பலகை அன்று சாயங்காலம் முடிந்தது. மிஷின் இல்லாமல் சங்கு இல்லை என்று, கொட்டகை எனக்கே நிலைத்தது. கோயில் விறகு கங்காணி வீட்டுக்குப் பின்னால் போனது.