பதினோரு மாரியும் ஒரு பாஸ்போர்ட்டும்

இங்கே பின்லாந்தில் பல் ஆஸ்பத்திரி நர்ஸ் கதவைத் திறந்து 'மாரி' என்று கூப்பிட்டால் இரண்டு பெண்கள் எழுந்திருக்கிறார்கள். மீசையோடு நானும் எழுந்திருக்கிறேன். இந்த நாட்டில் மாரி என்பது பெண்பிள்ளைக்கு வைக்கும் பெயர். எனக்குச் சொன்ன நேரத்துக்கு இன்னும் அரை மணி இருக்கிறது என்று தெரிந்தும் கால்கள் கேட்பதில்லை. நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பல்லைக் காட்ட வேண்டிய மாரியை அழைத்துக்கொண்டு போய்விடுவாள். வேலை செய்யும் பட்டறையில் இரண்டு மாரிகள் ஏற்கெனவே இருப்பதால் என்னை 'மியெஸ் மாரி' என்கிறார்கள். ஆம்பிளை மாரி என்று அர்த்தம்.

போன வாரம் அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்தலை அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் மாரி" என்றார். உங்கள் பெயருமா என்றேன். பெயர் வேறாம், ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரையில் மாரி என்றே ஒரு ஜனம் இருக்கிறதாம், அதில் பிறந்தவராம். தோப்பில் மரத்தடியில்தான் சாமி கும்பிடுவார்களாம், வாத்து பலி கொடுப்பார்களாம். எங்களுக்கும் மரத்தடிதான், ஆனால் கிடா என்றேன். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஜனத்தில் இவ்வளவு கறுப்பாக ஒருவரை இதுவரை பார்த்ததில்லை, நீ எந்தக் கிளை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை பின்னிஷில் கச்சிராயபாளையம் பக்கம் என்றேன். அது வோல்காவுக்குக் கிழக்கா மேற்கா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் ஊரில் பிள்ளை தங்காத வீட்டில் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வார்கள். பிறந்தது ஆணோ பெண்ணோ, பெயர் மாரிதான். அம்மன் பெயர் என்பதால் அதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் அத்தனை மாரிகளும் 'தோ!' என்று குரல் கொடுத்தாக வேண்டும். எந்த மாரி என்பதெல்லாம் பிறகுதான். கேட்டும் கேட்காததுபோல் இருந்தால் அம்மன் கோபித்துக்கொள்வாள். ஒருவரை அவசரமாகக் கூப்பிடக்கூட எங்கள் ஊரில் சாவகாசம் வேண்டும்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருடம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. கள்ளக்குறிச்சி ரோட்டில் ஒரு புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்தது நான்தான். வீரம் என்று நினைத்துச் செய்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் துபாய் ஞாபகம் வந்தது. துபாயில் வெல்டர் வேலை கிடைத்து, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, போலீஸ் விசாரணைக்குக் காத்திருந்தேன். கேஸ் ஒன்று விழுந்தால் பாஸ்போர்ட் கிடையாது, துபாயும் கிடையாது.

மூன்றாம் நாள் கோயில் வாசலில் போலீஸ் வேன் நின்றது. யாரோ பெயரை மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் இறங்கி, "மாரி!" என்று ஒரு அதட்டல் போட்டார்.

நாலு பக்கமிருந்தும் 'தோ!' என்று குரல் வந்தது. டீக்கடை மாரி கிளாஸோடு வந்தார். தையல்கார மாரி கழுத்தில் டேப்போடு வந்தார். மாசமாக இருந்த மாரியக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நானும் வந்தேன். வெள்ளிமலையிலிருந்து கடுக்காய் மூட்டை ஏற்றி வந்த ஜீப் டிரைவர் மாரி, எங்கள் மறியலுக்குச் சம்பந்தமே இல்லாதவர், அவரும் வந்தார். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவும் கத்தியது. இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் விறைப்பாக நின்ற ஏட்டு பக்கத்து ஊர்க்காரர், அவரும் ஒரு மாரி, அவர் வாயிலிருந்தும் "தோ... ஐயா!" என்று வந்துவிட்டது.

"மரத்த வெட்னவன் யாருய்யா?"

"எல்லாருந்தாங்க" என்றார் டீக்கடை மாரி.

"நானும் ரெண்டு வெட்டு வெட்னங்க. இன்னா பண்றது, மசக்க" என்றாள் மாரியக்கா.

இன்ஸ்பெக்டர் டிரைவர் பக்கம் திரும்பினார். "நீ இப்பதானேடா மலையிலேருந்து எறங்கின?"

"வர்ற வழியில ஒரு வெட்டு வெட்டிக்கினு வந்தங்க."

நான் வாயைத் திறந்தேன். மாரியக்கா என் காலை மிதித்தாள். "நீ கம்முனு கெட. ஒனுக்குத்தான் ஏரோப்ளேன் கீது."

குரல் கொடுத்து வந்த மாரிகள் பதினோரு பேரையும் வேனில் அடைத்துக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் டீக்கடை மாரி அடுப்பை அணைக்காமல் வந்ததைச் சொல்லிப் புலம்பினார். ஸ்டேஷனில் எல்லாரும் வெட்டியதாகவே சாதித்தார்கள். வெட்டியதாக ஒப்புக்கொள்கிற கர்ப்பிணியையும், மலையில் இருந்தவனையும் கோர்ட்டில் நிறுத்தினால் யார் மானம் போகும் என்று ஏட்டு மெதுவாக எடுத்துச் சொன்னார். சாயங்காலம் விட்டுவிட்டார்கள். தையல்காரருக்கு மட்டும் கன்னத்தில் இரண்டு அறை விழுந்தது. அவை எனக்கு விழ வேண்டியவை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பாஸ்போர்ட் வந்தது. துபாய் போனேன், அங்கிருந்து இந்தக் குளிருக்கு வந்தேன். பல வருடங்கள் கழித்து, போன ஆடியில்தான் கூழ் ஊற்றும் நாளுக்கு ஊருக்குப் போக வாய்த்தது. கோயிலில் யாரோ "மாரி!" என்றார்கள். எல்லாரும் 'தோ!' என்றார்கள். என் வாயிலிருந்து பின்லாந்துக்காரர்கள் ஆமாம் என்பதற்குச் சொல்லும் 'யோ!' வந்தது. கூட்டமே திரும்பிப் பார்த்தது.

கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பெண் மாரியக்காவின் மகள். அவளும் மாரிதான். "நீங்க எந்த ஊரு மாரிங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

பின்னாலிருந்து தையல்காரர்தான் சொன்னார், பல்லில்லாத வாயால் சிரித்துக்கொண்டே. "நம்மூரு மாரிதாம்மா. சந்தேகம்னா என் கன்னத்தக் கேளு."

அவளும் சிரித்தாள். ஆனால் எங்கள் கோயிலில் வெளியூர் ஆளுக்குத்தான் முதல் கூழ். ஊர்க்காரர்கள் கடைசியில்தான் குடிப்பார்கள். அவள் யோசிக்கவேயில்லை, என் சொம்பில் முதலில் ஊற்றினாள். மிச்சமிருந்த மாரிகள் எனக்குப் பின்னால் வெறும் சொம்போடு நின்றுகொண்டிருந்தார்கள்.