இடக்கால் முன்னால்

மங்கை மச்சாளைப் பற்றி எங்கள் சொந்தக்காரர்களிடம் ஒரு வசனம் இருக்கிறது. "புருஷன்ர அந்தியேட்டி முடிஞ்ச கையோட பனியில சறுக்கி விளையாடப் போனவள்." இதில் "போனவள்" என்ற சொல் மட்டும்தான் உண்மை. அவள் விளையாடப் போகவில்லை. அங்கே பனியும் இல்லை. அவள் புருஷன், என் லோகன் அண்ணை செத்துப்போய் இவ்வளவு காலமாகியும் யாராவது இதைச் சொல்லிச் சிரித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மங்கை என்னைவிட ஒரு வயது இளையவள், முறைக்குத்தான் மச்சாள். கொழும்பிலிருந்து கல்யாணத்துக்கென்று லண்டன் வந்தவள். தாலி கட்டி முடித்து, இல்ஃபோர்டில் இருந்த அண்ணையின் வீட்டுக்கு அவளை அழைத்து வந்த அன்று நல்ல மழை. எங்கள் அம்மா ஊரில் இருந்தபடியால், அவருக்குப் பதிலாகப் பெரியம்மா கனகவல்லி ஆராத்தித் தட்டோடு வாசலில் நின்றார். ஈரப்படியில் சேலை தடுக்கியது. விழாமல் இருக்க மச்சாள் எட்டிவைத்தது இடக்கால்.

"வலது காலை வையடி பிள்ளை எண்டு சொல்லச் சொல்ல..." பெரியம்மா தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

அன்று தொடங்கியது. அண்ணைக்கு வேலை போனதற்கு அந்தக் கால். வயிற்றில் தங்கிய பிள்ளை தங்காமல் போனதற்கும் அதே கால். ஒரு மாரியில் வீட்டைச் சூடாக்கும் பொயிலர் உடைந்தது, அதற்கும்கூட. மச்சாள் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் வாசல் என்று எது வந்தாலும் ஒரு நொடி நின்று, காலை மாற்றி, வலது காலை வைத்துத்தான் நுழைவாள். பஸ்ஸில் ஏறும்போதும் அப்படி, அவள் வேலை செய்த பள்ளிக்கூடச் சமையலறைக்குள் போகும்போதும் அப்படி. பின்னால் வருபவர்கள் அவள் முதுகில் மோதுவார்கள். "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்பாள்.

2006 பெப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக் டிவியில் ஓடியது. ஸ்னோபோர்ட் போட்டியைப் பார்த்த அண்ணைக்கு ஆசை பிடித்துவிட்டது. "ஒரு பலகையில ரெண்டு காலையும் கட்டிக்கொண்டு மலையில இருந்து வாறாங்களப்பா. நாங்களும் ஒருக்காப் போய்ப் பழகுவம்" என்றார். "உங்கட வண்டியைத் தூக்கிக்கொண்டோ?" என்று அவர் வயிற்றைத் தட்டினாள் மச்சாள். அவர் கேட்கவில்லை. கல்யாண நாளுக்குப் பரிசு என்று, தொடக்கக்காரர் வகுப்பில் இரண்டு பேருக்கும் போனிலேயே இடம் எடுத்துவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் அவருக்கு நெஞ்சு குத்தத் தொடங்கியது. மச்சாள் டொக்டரிடம் நாள் எடுத்தாள். பெரியம்மா வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது வாயு. இதுக்கேன் டொக்டர்?" என்று மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். அண்ணை குடித்து, ஒரு ஏப்பம் விட்டு, டொக்டரிடம் போகாமல் வேலைக்குப் போனார். மறு கிழமை, வேலை செய்த பெற்றோல் ஸ்ரேசனில் விழுந்தவர் எழும்பவில்லை.

செத்தவீட்டில் பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்: "அண்டைக்கே அந்தக் கால் சொல்லிச்சுது!" நான் பக்கத்தில் நின்றேன். மச்சாள் தன் இடது பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அதை என்னால் மறக்க ஏலாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது போன் வந்தது. சறுக்கு இடத்திலிருந்துதான், சனிக்கிழமை வகுப்புத் தொடங்குகிறதாம். மச்சாள் வேண்டாமென்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் பெரியம்மா, "சறுக்குறதுக்கோ? இவள் கால் வைச்சு நாங்கள் சறுக்கினது காணாதே?" என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள். செத்தவீட்டில் சிரித்தார்கள்.

மச்சாள் போனில், "யெஸ், ஐ வில் கம்" என்று சொல்லி வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆண்டுத் திவசத்துக்கு முதல் மேலயிருந்து கீழ வரைக்கும் விழாமல் ஒருக்கா வருவன் மச்சாள். வந்து காட்டிப்போட்டுத்தான் இந்தக் காலைப் பற்றி இவையோட கதைப்பன்" என்றாள்.

அது செயற்கைச் சரிவு. மேட்டின் மேல் பிளாஸ்ரிக் நார் பாய் விரித்துத் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள். "இது பனியே? வீடு கூட்டுற தும்புத்தடியைக் கவிட்டு வைச்சிருக்கிறாங்கள்" என்றாள் மச்சாள். முதல் வகுப்பு எடுத்த வெள்ளைக்காரப் பெடியன் அவளைக் கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினான். தள்ளும்போது எந்தக் கால் தானாக முன்னே வருகிறதோ, பலகையில் அதுதான் முன்னுக்கு நிற்க வேண்டுமாம். மச்சாளின் வலது கால் வந்தது. அப்படியே கட்டிவிட்டான்.

விழுந்தாள். எழும்பி நின்றால் பலகை தன்பாட்டில் திரும்பும், மறுபடி விழுவாள். அவளோடு தொடங்கியவர்கள் பழகி முடித்துப் போய்விட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். ஓகஸ்டில் மணிக்கட்டு உடைந்தது. மாக்கட்டோடு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனபோது பெரியம்மா, "நான் சொன்னனானெல்லே?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கட்டு வெட்டியதும் மச்சாள் திரும்பவும் போனாள். நான்தான் காரில் கூட்டிப்போவேன். போகும்போது ஒன்றும் பேசமாட்டாள். வரும்போது எல்லோரையும் ஏசுவாள். அண்ணையையும் ஏசுவாள். "அந்தாளுக்கு நான் சொன்னது காதில ஏறேல்ல, பெருங்காயம் தொண்டையில இறங்கிச்சுது."

தை மாதத்தில் புதிதாக ஒரு பிள்ளை பழக்க வந்தது. பியற்றிஸ், எட்மண்டனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. மச்சாள் விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரிவின் அடியில் இருந்த கொட்டிலுக்குள் கூப்பிட்டாள். மச்சாள் வாசலில் வழக்கம்போல் நின்று, காலை மாற்றி நுழைந்தாள்.

"அன்ரி, வெயிற். இப்ப என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்தனான்?"

"டோருக்குள்ள வரேக்க. லெஃப்ட் வந்தது, நீங்கள் ஸ்ரொப் பண்ணி ரைட்டை வைச்சீங்கள். அம்மம்மாவும் அப்படித்தான் எங்களை விடுவா. அன்ரி, உங்கட கால் லெஃப்ட். ரைட் உங்கட மாமியாரின்ர!"

மச்சாள் சிரிக்கவில்லை. "மாத்து பிள்ளை" என்றாள். பியற்றிஸ் ஸ்குரூடிரைவரை எடுத்துப் பலகையிலிருந்த கட்டுகளைக் கழற்றித் திருப்பிப் பூட்டினாள். அன்றைக்கு மச்சாள் பாதிச் சரிவு வரை விழாமல் வந்தாள். வந்து, பாயில் குந்தியிருந்து, கையுறையால் நிலத்தில் அடித்தாள். "பதினாலு வருஷம்! பதினாலு வருஷமா என்ர காலை என்னை வைக்க விடேல்லை!" அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

திவசத்துக்கு முந்தின சனிக்கிழமை உச்சியிலிருந்து இறங்கினாள். இடக்கால் முன்னால். கைகள் இரண்டும் கோழி இறக்கைபோல விரிந்திருந்தன. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. கீழே வரைக்கும் வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விழவில்லை.

திவசத்தன்று காகத்துக்குச் சோறு வைக்கத் தோட்டத்துக்குப் போனாள். நாங்கள் எல்லோரும் குசினிக்குள் சமையலோடு நின்றோம். திரும்பி வந்தவள் வாசலில் நிற்கவில்லை. இடக்காலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"இடக்கால்!" என்றார் பெரியம்மா. "திவச நாளில எண்டாலும்..."

"ஓம் மாமி, இடக்கால்தான். என்ர கால். பெருங்காயம் கரைச்சுக் குடுத்தது இந்தக் காலோ? டொக்டர் வேண்டாமெண்டது இந்தக் காலோ? சொல்லுங்கோ."

முன்னறையிலிருந்து ஐயர், "பிள்ளை, கொஞ்சம் தண்ணி" என்றார். மச்சாளே கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு இலைகளை விரித்தாள். மூத்தவர் என்ற முறைக்கு முதல் இலை பெரியம்மாவுக்கு. கறிகளை ஒன்றும் விடாமல் ஒழுங்காக வைத்தாள். கடைசியில் சோற்றை அள்ளி, கரண்டி இலையில் அடிபட, டொம்மென்று போட்டாள்.