நபோரின் அறுபத்தோரு சீப்புகள்

என் சித்தப்பா மகன் நபோரைப் பற்றி எங்கள் ஊர் சான் மாக்லோவியோவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். தங்கமும் இல்லை, தகரமும் இல்லை. அவன் ஒரு கோழை. ஐம்பத்தெட்டு வருஷமாக அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கும் அவனுக்கும் மூன்று மாதம்தான் வித்தியாசம், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. என் பெயர் சபீனா. சந்தையில் இறால் கருவாடு விற்கிறேன். பொய் சொல்வதெல்லாம் வியாபாரத்தில் மட்டும்தான்.

நபோரின் பிழைப்பு குழாய் ஸ்பீக்கர். அவன் கொல்லையில் ஒரு இரும்புக் கம்பம் நிற்கிறது, உச்சியில் நான்கு திசைக்கும் நான்கு குழாய். இன்னார் வீட்டில் பன்றி அடித்திருக்கிறார்கள், சூடாக இருக்கும்போதே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். தடுப்பூசி போட நர்ஸ் வந்திருக்கிறார். வெள்ளைக் கழுதை ஒன்று பள்ளிக்கூடத்துக்குள் புகுந்துவிட்டது, உரியவர்கள் ஓட்டிப் போகவும். எல்லாம் அவன் குரல்தான். பிறந்தநாள் என்றால் பாட்டுப் போடுவான், சாவு என்றால் பாட்டுப் போட்டுப் பெயரையும் தெருவையும் சொல்வான். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மைக்கைப் பிடித்தால் கவர்னர் தோற்றான். வெளியே வந்து ஒரு பெண்பிள்ளை முகத்தைப் பார்த்தால் உப்பு விலைகூடக் கேட்கத் தெரியாது.

அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ‘சீப்பு’ பாட்டு. எங்கள் பக்கத்துப் பழைய காதல் பாட்டு, யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது, ஐந்து ஊர்க்காரர்கள் எங்களுடையது என்று அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊர்க் கதைப்படி ஒரு செருப்புத் தைக்கிறவன் அடுத்தவன் பெண்டாட்டியை நினைத்துக் கட்டினான். அதில் எங்களுக்கு வெட்கம் எதுவும் இல்லை. ஆற்றைத் தாண்டிப் போகிறவளைப் பார்த்து ஒருவன் பாடுகிறான்: என்னை வேண்டாமென்று போகிறாய், போ, உன் சீப்பையாவது விட்டுப் போ, அதில் சிக்கிய முடியை எண்ணிக்கொண்டு காலத்தைத் தள்ளுகிறேன். யோசித்துப் பார்த்தால் குமட்டுகிற சமாச்சாரம். பேன் சீப்பாக இருந்தால் என்ன செய்வானாம்? ஆனாலும் மெட்டைக் கேட்டால் நானே கருவாட்டுத் தராசைக் கீழே வைத்துவிடுவேன்.

இந்தப் பாட்டின் பதிவுகள் அறுபத்தொன்று வைத்திருக்கிறான் நபோர். பெரிய தட்டு, சின்னத் தட்டு, கேசட், சிடி, எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டு அலமாரியில் அடுக்கியிருக்கிறான். மூன்று அக்கா தங்கைகள் பாடியது ஒன்று. மூவரும் ஒரே ஆளைக் கேட்பது மாதிரி இருக்கும், அந்த ஆள் யாரென்று பிறகு கோர்ட்டில் தெரிந்தது. தலைநகரத்து நாடகக் கொட்டகைப் பாடகி ஒருத்தி பாடியது ஒன்று, சமையலறையில் எலியைப் பார்த்துவிட்டவள் போலக் கத்துவாள். ஜப்பான்காரர்கள் நாலு பேர் கிதார் வைத்துப் பாடியது; ஒரு வார்த்தைகூட அவர்களுக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் அழவேண்டிய இடத்தில் சரியாக அழுகிறார்கள். கன்னிகாஸ்திரீகள் சீப்பை எடுத்துவிட்டு ஜெபமாலையை வைத்துப் பாடியதும் உண்டு. இத்தனையிலும் பத்தொன்பதாம் நம்பர் தனி. அது எங்கள் வட்டாரப் பேண்டுக்காரர்கள் ஊதியது. கோயிலிலிருந்து கல்லறை வரை சவப்பெட்டியோடு நடக்கிற நடைக்கு இழுத்து இழுத்து ஊதியிருப்பார்கள், எட்டு நிமிஷம் ஓடும். கல்யாணத்துக்கும் ‘சீப்பு’தான், சாவுக்கும் ‘சீப்பு’தான், ஆனால் பத்தொன்பது சாவுக்கு மட்டும். முதல் ஊதல் காதில் விழுந்ததும் ஊரே கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் பெயருக்குக் காதைக் கொடுக்கும்.

இனி ஒதீலியா. என் கடைக்கு மூன்றாவது கடையில் சுட்ட மீன் விற்பவள். புருஷன் செத்துப் பன்னிரண்டு வருஷம். நல்ல உயரம், நல்ல வாய். கடை போடுகிற இடத்துக்காக அவளும் நானும் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை, அது வேறு விஷயம். நபோர் ஒன்பது வருஷமாக அவளிடம் தினம் ஒரு மீன் வாங்குகிறான். ஒவ்வொரு ஜனவரியிலும் அவள் பிறந்தநாளுக்கு, ‘மதிப்பு வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து’ என்று சொல்லி ஒரு ‘சீப்பு’ போடுவான். அந்த ஒருவர் யாரென்று ஊர் நாய்களுக்குக்கூடத் தெரியும். அவளுக்கும் தெரியும். கேட்டால்தானே பதில் சொல்ல முடியும்?

இந்த வருஷம் ஒதீலியாவின் மகள் வெராக்ரூஸ் பட்டணத்திலிருந்து ஆள் அனுப்பிவிட்டாள். இரண்டாவது பிரசவமாம், அம்மா வந்து கூடவே இருந்துவிட வேண்டுமாம். பிறந்தநாள் வியாழக்கிழமை, பஸ் திங்கட்கிழமை. அடுப்பையும் கடைச் சாமானையும் நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் நபோர் என் கடைக்கு வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

“போனா வர மாட்டா, சபீனா.”

“வர மாட்டா. போய்க் கேளு.”

“என்ன கேக்க?”

“மீன் வெல கேளேன். அட மடையா, என்ன கேக்கறதுன்னு அறுபத்தோரு பேரு பாடி வெச்சிருக்காங்க, இன்னும் உனக்குப் புரியலையா?”

அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தான். இந்தத் தடவை தன் பெயரைச் சொல்லியே பாட்டுப் போடுவது, பாட்டு முடிவதற்குள் அவள் வாசலில் போய் நிற்பது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஒரு தைரியம், நின்றுவிட்டால் பேச்சு வராது என்று கணக்குப் போட்டிருக்கிறான். இதையெல்லாம் பிறகு என்னிடம் சொன்னான், முன்பே சொல்லியிருந்தால் மண்டையில் போட்டிருப்பேன். அவன் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு அவன் முழங்கால் வலியோடு நடந்தால் ஏழு நிமிஷம். புதன்கிழமை நடந்து பார்த்துக் கடிகாரத்தில் குறித்திருக்கிறான். அலமாரியில் இருக்கிற பாட்டெல்லாம் மூன்று நிமிஷம், மூன்றரை நிமிஷம். எட்டு நிமிஷம் ஓடுவது ஒன்றே ஒன்றுதான்.

பத்தொன்பது.

தெரியாதா அவனுக்கு, முப்பது வருஷமாகச் சாவுக்குப் போடுகிறவனுக்கு? தெரியும். ஆனால் பிறந்தநாள் என்று வாயால் சொல்லிவிடப் போகிறோமே, பிறகென்ன என்று நினைத்தானாம். காகிதத்தில் எழுதியும் வைத்திருந்தான்: தெற்குத் தெரு ஒதீலியாவுக்கு இன்று பிறந்தநாள், நபோரின் அன்போடு. காலை பத்து மணிக்கு மைக்கைப் பிடித்தான். “தெற்குத் தெரு… ஒதீலியா” என்றான். அதோடு நின்றுவிட்டது. தன் பெயர் வரவில்லை, பிறந்தநாளும் வரவில்லை. போகட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று பாட்டைப் போட்டுவிட்டுச் சம்பங்கிப் பூங்கொத்தோடு கிளம்பிவிட்டான்.

தெருவும் பெயரும், அப்புறம் பேண்டு. சந்தையில் நாங்கள் கேட்டது அவ்வளவுதான். வழக்கத்துக்கு முன்பின் மாறியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

தராசைக் கீழே போட்டேன். காலையில் ஏழு மணிக்கு அவள் நாத்தனாரிடம் கத்தியைக் கொடுப்பதைப் பார்த்தவள் நான். ஆறு வருஷம் பேசாமல் இருந்தேனே பாவி என்று வாய்விட்டு அழுதேன். மெழுகுவத்திக் கடைக்காரி கேட்காமலே ஆளுக்கு ரெண்டாக எடுத்து நீட்டினாள். கறுப்புச் சால்வை கடையிலேயே எப்போதும் கிடக்கும். பாட்டு பாதி ஓடுவதற்குள் சந்தை காலி. ஜெபம் சொல்கிற கிழவி நெமேசியா ஓட ஓட ஜெபத்தை ஆரம்பித்துவிட்டாள், வாசலுக்கு வரும்போது பாதி முடித்திருந்தாள்.

ஒதீலியா கொல்லையில் மாமரத்தடியில் உட்கார்ந்து கோழி உரித்துக்கொண்டிருந்தாள். பாட்டை அவளும் கேட்டிருக்கிறாள். முதலில் வந்த என்னைப் பார்த்தாள், என் மெழுகுவத்தியைப் பார்த்தாள்.

“நான் செத்தாத்தான் நீ இந்த வீட்டுப் படி ஏறுவியா, சபீனா?”

நான் அப்படியே அவளைக் கட்டிக்கொண்டேன், கோழி இறகோடு. என்னால் சிரிக்க முடியவில்லை, அழத்தான் வந்தது. பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குக் கோபம் வரும் என்று பார்த்தால் நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வந்தது வந்துவிட்டீர்கள், சாவு வீட்டுக்கு வந்தால் நாலு நல்ல வார்த்தை சொல்லணும், ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போங்கள் என்றாள். மெழுகுவத்திக் கடைக்காரி அவள் மனசைப் புகழ்ந்தாள். போதாது, இடுப்பைப் பற்றியும் சொல் என்றாள் ஒதீலியா. நாத்தனார் கத்தியைத் திருப்பித் தரவா என்று கேட்டாள்.

இதெல்லாம் கொல்லையில். வாசலில் நிலைமை வேறு. பின்னால் வந்துகொண்டே இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாது. நெமேசியாவுக்குக் காது கேட்காது, அவள் வாசற்படியில் மண்டியிட்டு இரண்டாவது சுற்று ஆரம்பித்திருந்தாள். தெருவெல்லாம் கறுப்புச் சால்வை, அழுகை.

அந்த நேரம் பார்த்து நபோர் வந்தான். ஏழு நிமிஷ வழியில் இருபத்தைந்து நிமிஷம். கையில் பூவோடு ஊர் பார்க்கக்கூடாது என்று ஆற்றோரச் சந்து வழியாக வந்து, பாதியில் தைரியம் போய்ப் புளியமரத்தடியில் நின்றிருக்கிறான். பாட்டு முடிந்தும் நின்றிருக்கிறான். தெரு முனை திரும்பினால் மெழுகுவத்தி, ஜெபம், ஒதீலியா வீட்டு வாசலில் கூட்டம். யாரையும் எதுவும் கேட்கவில்லை. தான் போட்ட பாட்டு என்பதே அவனுக்கு மறந்துபோய்விட்டது. ஊர்ச் சாவையெல்லாம் ஊருக்கு முன்னால் தெரிந்துகொள்கிறவன், இவள் சாவைக் கடைசியில் தெரிந்துகொண்டதாக நினைத்துவிட்டான்.

வாசலில் விழுந்து ஒரு சத்தம் போட்டான் பாருங்கள். ஐம்பத்தெட்டு வருஷத்தில் அவனிடமிருந்து அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை. உண்மையைச் சொல்ல எழுந்தேன். ஒதீலியா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அழுத்திப் பிடித்தாள்.

“யாரும் வாயத் தொறக்கக் கூடாது” என்றாள், மெதுவாக.

வாசலில் நபோர் பேசினான். “ஒதீலியா, ஒம்போது வருஷமா உங்கிட்ட மீன் வாங்கினேனே. எனக்கு மீனே பிடிக்காது, ஒதீலியா. பூனைக்குப் போட்டேன். அறுபத்தோரு தட்டு வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணுலயும் எவனோ ஒருத்தன் கேக்கறான். நான் கேக்கல. ஒரு தடவகூட நான் கேக்கல. நீ வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்தேன். இப்ப அதச் சொல்லவும் நீ இல்லையே.”

 விஷயம் தெரிந்தவர்கள்கூடச் சிரிக்கவில்லை. நெமேசியா மட்டும் விடாமல் ஜெபித்துக்கொண்டிருந்தாள். என் மணிக்கட்டில் இருந்த பிடி விட்டது. பிறகு ஒதீலியா எழுந்தாள், கோழி இறகைத் தட்டிவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். நாங்களெல்லாம் பின்னால்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். பேயைப் பார்த்தவன் மாதிரி என்று சொல்லமாட்டேன், பேயைப் பார்த்திருந்தால் ஓடியிருப்பான். இவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“ஏன்யா நபோர்” என்றாள். “செத்தவகிட்ட இவ்வளவு பேசற வாய், உசுரோட இருந்தவகிட்ட ஏன்யா பேசல?”

 உதடு அசைந்தது, காற்று வந்தது, வார்த்தை வரவில்லை. அவள் காத்திருந்தாள். ஊர் காத்திருந்தது. எனக்கு அவன் முதுகில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. திங்கட்கிழமை பஸ் ஏறட்டுமா என்று கேட்டாள். தலையை ஆட்டினான், ஆமாமா இல்லையா என்று யாருக்கும் புரியாத ஒரு ஆட்டல். அவ்வளவுதான், முடிந்தது, இவன் சந்தர்ப்பத்தைத் தின்றுவிட்டான் என்று நினைத்தேன்.

ஒதீலியா ஒரு பெருமூச்சு விட்டாள். வாசல் கூரைக்கடியில் வலை ஊஞ்சல் கட்டியிருந்தது. அதில் ஏறி நீட்டிப் படுத்தாள். என் தோளிலிருந்து கறுப்புச் சால்வையை உருவி முகத்தின்மேல் போட்டுக்கொண்டாள்.

“சரி. செத்துட்டேன். சொல்லு.”

நபோர் மண்டியிட்டபடியே ஊஞ்சல் பக்கம் நகர்ந்தான். முழங்கால் வலி அவனுக்கு, தெரியும் எனக்கு. சால்வையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“போகாத, ஒதீலியா. மகள இங்க கூப்பிட்டுக்கலாம், பேரப்பிள்ளைய நான் தூக்கிட்டுத் திரியறேன். இல்ல, நீ போய்த்தான் ஆகணும்னா நானும் வர்றேன். எனக்கு நீ வேணும்.”

சால்வைக்கடியில் எதுவும் அசையவில்லை.  உண்மையாகவே ஏதாவது ஆகிவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். பிறகு அவள் கை வந்து சால்வையை இழுத்துவிட்டது. கண்ணெல்லாம் நனைந்திருந்தது, மூக்கு சிவந்திருந்தது, அன்றைக்கு அவள் பார்க்க அழகாக இல்லை.

“இப்ப சொல்லு” என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.  ஒவ்வொரு வார்த்தையும் கிணற்றிலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறவன் போல, திக்கித் திக்கி, முதலிலிருந்து கடைசிவரை திரும்பச் சொன்னான்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அவள் போகவில்லை. புதன்கிழமை மகளே வந்துவிட்டாள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு, அம்மா பஸ்ஸில் வரவில்லையே என்று விசாரித்ததற்கு, செத்துவிட்டாள் என்று யாரோ போனில் சொன்னார்களாம்.