பொட்டு வைத்த எஞ்சின்

என் நோட்டுப் புத்தகத்தில் ஆடி இருபத்திரண்டாம் தேதிக்கு நேராக ஒரே வரிதான் இருக்கிறது: ‘காலை ஏழேகால் மணிக்கு எஞ்சின் நின்றது.’ இரண்டாவது ஜெர்மன் சண்டை தொடங்கியதற்கு மறு வருஷம் அது. விளாங்குடிக்கு மேற்கே எங்களுக்கு ஒரு கிணறும், அதைச் சுற்றி அறுநூறு வாழையும் இருந்தன. பாதிக்கு மேல் குலை தள்ளியிருந்த சமயம். நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் பாய்ந்தாக வேண்டும்.

முந்தைய வருஷம்தான் கிணற்றில் கமலை இறைத்த மாடுகளை விற்று அந்த ஆயில் எஞ்சினை வாங்கியிருந்தேன். ஒரு விவசாயப் பத்திரிகையில் படித்த யோசனை. என் மனைவி மாட்டை விற்க வேண்டாம் என்றாள். நான் கட்டுரையை அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். வேலை இல்லாத நாளில் எஞ்சினுக்குத் தீனி போட வேண்டியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். ஆகையால்தான், எஞ்சின் நின்ற அன்று பக்கத்துத் தோட்டத்து மச்சான் வரப்பில் நின்று கேட்டார்.

“என்ன மாப்ள, எஞ்சினு புல்லு திங்காதுன்னு சொன்னியே. இப்பத் தண்ணியும் இறைக்காதோ?”

சிரித்துவிட்டு, நான்கு நாளைக்கு ஒரு பொழுது தன் மாடுகளைத் தருவதாக அவரே சொன்னார். அவர் மாடு இறைத்த தண்ணீர் கிழக்கோரத்து வரிசைகளுக்குத்தான் போதும்.

ஆடி இருபத்து நான்கு அன்று எஞ்சினை வண்டியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனேன். ரயிலடிக்கு மேற்கே ஒரு லேத்துப் பட்டறை. முதலாளி எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப்போயிருந்தது. சிலிண்டரை உள்ளே கடைய வேண்டும், புதுப் பிஸ்டன் போட வேண்டும், தேய்ந்த கிராங்கைச் சீர் செய்ய வேண்டும். அறுபது ரூபாய் சொன்னார்.

“ஆவணி அஞ்சாந் தேதி வாங்கண்ணே. எஞ்சினோட வீட்டுக்குப் போகலாம்.”

தேதியை அவர் எதிரிலேயே குறித்துக்கொண்டேன். அதைப் பார்த்து அவர் சிரித்தார்.

ஆவணி ஐந்தாம் தேதி போனபோது, பிஸ்டன் மதராஸிலிருந்து வரவில்லை. பதினான்காம் தேதி போனபோது பிஸ்டன் வந்திருந்தது. ஆனால் லேத்தைச் சுழற்றும் வார் அறுந்திருந்தது. சண்டையால் இரும்பு விலை ஏறிவிட்டது, எண்பத்தைந்து ஆகும் என்றார். இருபதாம் தேதி அவர் உறவில் ஒரு சாவு. புரட்டாசி இரண்டாம் தேதி, கிராங்கைக் கடைந்ததில் ஒரு விரிசல் தெரிவதாகவும், நூற்றுப் பத்து இல்லாமல் முடியாது என்றும் சொன்னார். விரிசலைக் காட்டுங்கள் என்றேன். “அது உங்க கண்ணுக்குத் தெரியாதுண்ணே” என்றார். ஒன்பதாம் தேதி அவர் பட்டறையிலேயே இல்லை.

ஒவ்வொரு முறையும் தோட்டத்துக்குத் திரும்பி வந்ததும் வடக்கு மூலைக்குப் போவேன். முதலில் இலை ஓரம் கருகியது. பிறகு தண்டு சுருங்கியது. அதன் பிறகு, காற்றே இல்லாத மத்தியானத்தில், குலையோடு நின்ற மரங்கள் கழுத்து ஒடிந்து சாய்ந்தன. விரல் பருமன்கூடத் தேறாத காய்கள். சாய்ந்தவற்றை என் மனைவி தினமும் எண்ணி வந்து சொல்வாள். மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

புரட்டாசி இருபத்திரண்டாம் தேதி போனபோது எஞ்சின் பட்டறை வாசலில் நின்றது. புதுப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். அதன் பக்கத்தில் இன்னும் நான்கு எஞ்சின்கள், கோயில் வாகனங்களைப் போல வரிசையாக. ஐந்துக்கும் நெற்றியில் சந்தனம், குங்குமம். நான் அருகே போனதும் லேத்தில் வேலை செய்பவர் பீடியை எறிந்துவிட்டு வந்தார்.

“முடிஞ்சு பத்து நாளாச்சுண்ணே. ஆயுத பூசைக்கு வாசல் நெறைய நிக்கணும்னு வச்சிருக்காரு. மில்லுக்காரங்க எல்லாம் வருவாக பாருங்க, அதுக்குத்தேன். நான் சொன்னதாச் சொல்லிராதீக.”

உள்ளே போய்ப் பணத்தை மேஜைமேல் வைத்தேன். முதலாளி அதை எண்ணி எடுத்துக்கொண்டார்.

“பூசை முடிஞ்சு எடுத்துக்கங்கண்ணே.”

“பூசை இருபத்தஞ்சாந் தேதியில்ல? மூணு நாளைக்கு முன்னாடியே பொட்டா?”

“வச்சது வச்சாச்சு. பொட்டு வச்ச சாமானைப் பூசைக்கு மறுநாள் வரைக்கும் அசைக்கக் கூடாது. தொழில் பண்ற எடம் பாருங்க.” பிறகு, வண்டி வரைக்கும் என்னுடன் நடந்து வந்து, “உங்களுக்குத்தேன் வாழைத் தோட்டம் இருக்கே. வாசல்ல கட்ட ரெண்டு மரம் கொண்டாந்திருங்க. இம்புட்டு நாள் பழக்கத்துக்கு அது கூடச் செய்ய மாட்டீகளா?” என்றார்.

செய்கிறேன் என்றேன்.

நான் நினைத்திருந்ததை என் மனைவியிடம் சொன்னதும் அவள், “நல்ல நாளும் அதுவுமா வேண்டாம்” என்றாள். சற்று நேரம் கழித்து அவளே அரிவாளை எடுத்து வந்து தந்தாள். “வடக்கு மூலையில மொதல்ல நட்டோமே, அந்த ரெண்டையும் வெட்டுங்க.”

பூசையன்று காலை முதலாளி வருவதற்கு முன்பே போய்விட்டேன். லேத்துக்காரர் இரண்டு மரங்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கயிற்றை எடுத்து வாசலின் இருபுறமும் இறுக்கிக் கட்டினார். பழுப்பேறிக் கிழிந்த இலைகள். சுருங்கிய குலைகள் சூம்பிய கைகளைப் போலத் தொங்கின. நான் கிண்ணத்திலிருந்து சந்தனத்தை வழித்து, இரண்டு தண்டுகளிலும் பெரிதாகப் பொட்டு வைத்தேன். குங்குமமும் வைத்தேன்.

முதலாளி புது வேட்டியில், நான்கைந்து பெரிய மனிதர்களோடு வந்தார். வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன எழவுடா இது? அவுருங்கடா!”

“பொட்டு வச்சாச்சுங்களே” என்றேன்.

“அவுருன்னா அவுரு!”

லேத்துக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, மிகுந்த பணிவோடு சொன்னார்: “மொதலாளி, பொட்டு வச்சதை மறுநாள் வரைக்கும் அசைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்வீக.”

கூட வந்தவர்களில் ஒருவர் ஒத்தக்கடைப் பக்கத்து அரிசி மில்காரர். வாசலில் நின்ற எஞ்சின்களில் ஒன்று அவருடையது. “யார் தோட்டத்து மரம் இது?” என்றார். நான் நோட்டை எடுத்தேன். ஆடி இருபத்து நான்கிலிருந்து தேதி, சொன்ன காரணம், சொன்ன தொகை, அன்று சாய்ந்த மரங்களின் எண்ணிக்கை என்று வரிசையாக வாசித்தேன். குரலை உயர்த்தவில்லை. எட்டு நிமிஷம் ஆனது. வந்தவர்களில் ஒருவரும் உள்ளே போகவில்லை.

மில்காரர் முதலாளியிடம் கேட்டது ஒன்றுதான். “என்னுது என்னைக்கு முடிஞ்சுச்சு?”

மறுநாள் விடியும்போதே நான் என் எஞ்சினை ஏற்றிக்கொண்டிருந்தேன். மில்காரரின் வண்டியும் வந்து நின்றது. அவர் அதற்குப் பிறகு அந்தப் பட்டறைக்கு வேலை கொடுக்கவில்லை என்று அறிந்தபோது, அந்தத் தேதியையும் குறித்துக்கொண்டேன்.

எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. வேலையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. தெரியாதவன் கெடுத்திருந்தால் மன்னித்திருப்பேன். தண்ணீர் வாய்க்காலில் ஓடியபோது எண்பத்தாறு மரங்கள்தான் மிச்சம். ஐப்பசி நான்காம் தேதி மழை பிடித்துக்கொண்டது.

தை மாதம் லேத்துக்காரரின் தங்கைக்குக் கல்யாணம். எண்பத்தாறில் கடைசியாகக் குலை தள்ளிய இரண்டு மரங்களை, தோட்டத்திலேயே நல்ல மரங்களை, நானே வெட்டிக் கொண்டுபோய்ப் பந்தல் வாசலில் கட்டினேன். குலைகளைச் சற்றுத் தாழ வரும்படி கட்டினேன். பிறகு சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் இன்னும் அந்தப் பட்டறையில்தான் இருந்தார்; வேலைக்காரர் வீட்டுக் கல்யாணம் என்பதால் முதலாளி வராமல் இருக்க முடியாது. வந்தார். மரங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போக வேறு வழி இல்லை. குனிந்துதான் நுழைந்தார்.